உங்க ஆட்டுப்பண்ணை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் துள்ளுமாரிக்கு ஒரு வரி இருக்கா?



நம்ம சேனலில் எஸ்ஐபி பற்றி வீடியோ போட்டாலும் சரி, ஹோம் லோன் பற்றிப் போட்டாலும் சரி, தவறாமல் ஒரு கேள்வி வந்துடும். "ஆட்டுப்பண்ணையில 5 லட்சம் போடலாமா? எஃப்டியை விட நல்லா வருதாமே?" கேட்கிறவங்களில் பாதிப் பேர் சென்னையிலோ பெங்களூரிலோ மாதச் சம்பளத்தில் இருக்கிறவங்க. ஊரில் நிலம் இருக்கு, கிணறு இருக்கு, அப்பா பார்த்துக்குவார், நாம பணம் மட்டும் போட்டால் போதும். இதுதான் ப்ளான்.

கூடவே ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் அனுப்புவாங்க. யாரோ ஒருத்தர் தயார் பண்ணி, பெயரை மட்டும் மாற்றி மாற்றி நூறு பேருக்குக் கொடுத்த ரிப்போர்ட். ஷெட் செலவு, தீவனச் செலவு, குட்டி எண்ணிக்கை எல்லாம் எக்செல் ஷீட்டில் பளபளன்னு இருக்கும். அதில் எனக்கு எப்பவும் கண்ணை உறுத்துற வரி ஒண்ணு இருக்கு: "இறப்பு விகிதம் – 5%".

அந்த 5% எப்படி வரும்? வருஷம் முழுக்க, மாசத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு பரவலா வருமா? இல்ல, ஒரே வாரத்தில் வந்து பட்டியையே பாதி காலி பண்ணுமா? எக்செல் ஷீட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இஎம்ஐ கட்டுறவருக்கு ஒண்ணு கிடையாது. இன்னிக்கு அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசுறேன். அதுக்கு முதலில் ஒரு நோயைப் பற்றிப் பேசணும். ஆடிட்டர் எதுக்கு நோயைப் பற்றிப் பேசுறார்னு நினைக்காதீங்க. நஷ்டக் கணக்கு எங்கே ஆரம்பிக்குதோ அங்கேதான் நானும் ஆரம்பிக்க முடியும்.

கொங்குப் பக்கம் கிடா வளர்க்கிற ஒரு பெரியவர், ரிட்டர்ன் ஃபைல் பண்ண மகனோட வந்தவர், என்கிட்ட சொன்னது இது: "ராத்திரி எல்லாத்துக்கும் மொதல்ல வந்து தின்னுச்சுங்க ஆடிட்டர் சார். காலைல போய்ப் பார்த்தா காலை நீட்டிக் கெடக்குதுங்க. சீக்குன்னு ஒரு நாள் படுத்திருந்தாக்கூட மனசு ஆறும்." அடுத்த நாலு நாளில் இன்னும் ஒன்பது போச்சு. யாராவது மருந்து வெச்சிருப்பாங்களோன்னு பக்கத்துத் தோட்டக்காரர் மேல சந்தேகம். போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்காங்க. டாக்டர் வந்து அறுத்துப் பார்த்த பிறகுதான் துள்ளுமாரின்னு தெரிஞ்சது.

துள்ளுமாரியைத்தான் டாக்டர்கள் என்டரோடாக்சீமியா என்பாங்க. தடுப்பூசி அட்டையில் "ஈ.டி." என்று எழுதியிருப்பது இதுதான். க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவில் டி வகை இதற்குக் காரணம். இந்தக் கிருமி வெளியூர் சந்தையிலிருந்துதான் வரணும்னு இல்லை. மண்ணில் இருக்கு, நல்லா இருக்கிற ஆட்டோட குடலிலும் கொஞ்சமா இருக்கும். சும்மா இருக்கிற வரை ஒரு தொந்தரவும் பண்ணாது. அதனால "புது ஆட்டைத் தனியா கட்டி வெச்சேன், வெளி ஆள் யாரையும் உள்ளே விடல" என்பது மற்ற நோய்களுக்கு நல்லது, இதுக்கு மட்டும் உதவாது.

பிரச்சினை தீவனம் திடீர்னு மாறும்போது ஆரம்பிக்குது. வறட்டு மேய்ச்சலில் இருந்த குட்டிக்கு ஒரே நாளில் மக்காச்சோளம் கொட்டினால், கம்பும் அரிசியும் மூட்டை அவிழ்ந்து கிடந்து ஆடு புகுந்து தின்னுட்டால், கல்யாண வீட்டு மிச்சச் சோறு ஒரு அண்டா கிடைச்சுதுன்னு வைத்தால், முதல் மழைக்குப் பிறகு தளதளன்னு வந்த இளம்புல்லில் நாள் முழுக்க விட்டால், வயிற்றில் சரியா செரிக்காத பாகம் சிறுகுடலுக்குப் போகுது. கிருமிக்கு அது விருந்து. சில மணி நேரத்தில் பெருகி, எப்சிலான் என்ற நச்சை வெளியிடுது. இதில் ஒரு கொடுமை என்னன்னா, அந்த நச்சு வெளியே வரும்போது அவ்வளவு வீரியம் இல்லாமல்தான் வருது. ஆட்டோட சொந்த செரிமான நொதியான டிரிப்சின்தான் அதை வெட்டி முழு விஷமாக்குது. பிறகு குடல் சுவர் வழியா ரத்தத்தில் கலந்து மூளை, சிறுநீரகம் என்று போய்ச் சேருது. வெட்டு வந்த மாதிரி துள்ளி விழுந்து, தலையைப் பின்னால் வளைச்சு, சில மணி நேரத்தில் முடிஞ்சுடும். செம்மறியில் பெரும்பாலும் அறிகுறி பார்க்கவே நேரம் இருக்காது. வெள்ளாட்டில் சிலது கழிச்சலோடு ஒண்ணு ரெண்டு நாள் இழுக்கும். சிகிச்சைக்கு அவகாசம் ரொம்பக் குறைவு.

இப்ப நிதிக் கண்ணோட்டத்தில் முக்கியமான இடத்துக்கு வந்தாச்சு. இந்த நோயில் சாவது யார்? மெலிஞ்சு, ஓரமா நிக்கிற குட்டி இல்லை. தள்ளிக்கிட்டு முதலில் வந்து, தொட்டியில் அதிகமா தின்னு, சீக்கிரம் எடை போடுற குட்டி. ஆங்கிலத்தில் இதுக்கு "ஓவர்ஈட்டிங் டிசீஸ்" என்றே ஒரு பேர் உண்டு. நம்ம தொழிலில் வாராக்கடன்னு ஒண்ணு இருக்கு இல்லையா, அதில் ஒழுங்கா தவணை கட்டுற கஸ்டமர் மட்டும் தேடித் தேடிக் காணாமல் போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான். சராசரி ஆட்டோட விலையைப் போட்டு இறப்பு நஷ்டத்தைக் கணக்குப் பண்ணுற ரிப்போர்ட் இங்கேயே தப்பாகுது. போறது சராசரி ஆடு கிடையாது, உங்க பட்டியிலேயே விலை கூடின ஆடு.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் எல்லாம் புரியுறதுக்காக நான் எடுத்துக்கிட்டவை, உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க.

பக்ரீத்துக்காக 50 கிடாக்குட்டி வாங்குறீங்க. ஒண்ணு 6,000 ரூபாய், மொத்தம் 3,00,000. நாலு மாசத் தீவனம், ஆள்கூலி, நகைக்கடன் வட்டி எல்லாம் சேர்த்து ஒரு குட்டிக்கு 2,500. அது 1,25,000. ஆக முதலீடு 4,25,000. பக்ரீத் சந்தையில் ஒண்ணு 11,000-க்குப் போனால் வரவு 5,50,000. லாபம் 1,25,000. நாலு மாசத்தில் போட்ட பணத்துக்கு 29 சதவீதம். வீடியோ தம்ப்நெயிலில் போட அருமையான நம்பர்.

இப்ப ரிப்போர்ட்டில் சொன்ன 5% இறப்பைப் போடுங்க. ரெண்டோ மூணோ போகும். மூணு என்றே வைத்தாலும் லாபம் 92,000. பரவாயில்லை, சமாளிக்கலாம். கடைசி மாசத்தில், தீவனச் செலவெல்லாம் உள்ளே போன பிறகு, ஒரே வாரத்தில் 11 போனால்? வரவு 4,29,000. லாபம் 4,000. பன்னிரண்டாவது ஆடு செத்தால் நீங்க நஷ்டத்தில். நாலு மாச உழைப்புக்குக் கூலி பூஜ்யம் என்பதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

எல்லாப் பட்டியிலும் இப்படி 12 போகும் என்று நான் சொல்லல. ஆனா இந்த பிஸினஸ் மாடலையே பாருங்க. இளங்குட்டி, கொட்டில் முறை, நாலு மாசத்தில் எடை ஏறணும், அதுக்கு அடர்தீவனம் அதிகம். துள்ளுமாரிக்கு என்னென்ன வேணுமோ அத்தனையையும் நாமே காசு கொடுத்து ஏற்பாடு பண்ணுறோம். அப்படி இருக்கும்போது மேய்ச்சல் ஆட்டுக்கான 5% வரியை அப்படியே காப்பி அடிச்சு இங்கே ஒட்டுறது சரியில்லை என்பதுதான் என் வாதம்.

"அதுக்குத்தானே சார் இன்ஷூரன்ஸ்?" வரும், இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

இன்ஷூரன்ஸ் எடுங்க. நான் வேண்டாம்னு சொல்லவே மாட்டேன். தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024 பிப்ரவரியில் மாற்றம் கொண்டுவந்து, பிரீமியத்தில் விவசாயியோட பங்கை 15 சதவீதமாகக் குறைச்சாங்க. அதுக்கு முன்னாடி 20-லிருந்து 50 சதவீதம் வரைக்கும் இருந்தது. மீதியை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று ஏத்துக்கும். 15 சதவீதத்துக்கு ஒரு பாலிசி கிடைக்குதுன்னா அதை விடுறது புத்திசாலித்தனம் இல்லை. உங்க ஊர் கால்நடை மருந்தகத்தில் இந்த வருஷ ஒதுக்கீடு இருக்கான்னு கேளுங்க.

ஆனா பாலிசி பேப்பரை ஒரு தடவை முழுசா படிங்க. நான் பார்த்த ஆடு பாலிசிகளில் நாலு இடத்தில் மக்கள் மாட்டிக்கிறாங்க. காதில் கம்மல் இல்லைன்னா க்ளெய்ம் கிடையாது, இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். பாலிசி ஆரம்பிச்ச முதல் 15 நாளில் நோயால் செத்தால் பெரும்பாலும் கிடைக்காது. துள்ளுமாரி, ஆட்டம்மை மாதிரி தடுப்பூசி இருக்கிற நோய்களுக்கு, ஊசி போட்டதுக்குச் சான்று இருந்தால்தான் பணம் என்று நிபந்தனை இருக்கும். நாலாவது, காப்பீட்டுத் தொகை. 6,000 ரூபாய்க்கு வாங்கின குட்டியை 6,000-க்குத்தான் காப்பீடு பண்ணியிருப்பீங்க. நாலு மாசம் தின்னு 11,000 மதிப்புக்கு வந்த பிறகு செத்தாலும் கிடைக்கப் போறது 6,000-க்குள்ளதான். லோனில் வாங்கின ஆடுன்னா அந்தப் பணமும் முதலில் பேங்குக்குப் போகும்.

மூணாவது நிபந்தனையைத் திரும்பப் படிங்க. ஊசி போடலைன்னா இன்ஷூரன்ஸும் இல்லை. அதாவது தடுப்பூசிக்குப் பதிலா இன்ஷூரன்ஸ் என்று ஒரு சாய்ஸே உங்களுக்குக் கிடையாது. ஹெல்மெட் போடாமல் ஆக்ஸிடென்ட் பாலிசி எடுக்கிறவர்கிட்ட நாம என்ன சொல்வோமோ அதைவிட இது கடுமை.

நான் மேலே சொன்ன பெரியவரோட க்ளெய்மும் இதில்தான் அடிபட்டது. ஊசி போட்டாரா? அவர் போட்டதாத்தான் சொல்றார், "ஊரோட எல்லாருக்கும் போட்டாங்க". அட்டையில் அந்த வருஷப் பதிவு இல்லை. கம்பெனி பேரைச் சொல்லி இங்கே எனக்கு ஆகப்போறது ஒண்ணும் இல்லை. எந்தக் கம்பெனியா இருந்தாலும் காகிதத்தைத்தான் கேட்கும்.

சரி, ஊசிக்கு எவ்வளவு ஆகும்? ஈ.டி. தடுப்பூசி நம்ம ராணிப்பேட்டையில் இருக்கிற கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலேயே தயாராகுது. டோஸ் விலை, போட வர்றவரோட போக்குவரத்து, டீ எல்லாம் சேர்த்துத் தாராளமா 20 ரூபாய் என்றே வைங்க. 50 குட்டிக்கு ரெண்டு டோஸ், 2,000 ரூபாய். 4,25,000 முதலீட்டில் அரை சதவீதம்கூட இல்லை. மியூச்சுவல் ஃபண்டில் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ அரை சதவீதம் கூடினதுக்கு என்கிட்ட சண்டை போடுறவங்க, இந்த அரை சதவீதத்தை ஏன் மிச்சம் பிடிக்கிறாங்கன்னு எனக்குப் புரியவே இல்லை.

காசை விட முக்கியமான விஷயம் தேதி. முதல் டோஸ் போட்டதும் பாதுகாப்பு வந்துடாது. முதல் முறை போடுற குட்டிக்கு ரெண்டு, மூணு வாரம் கழிச்சு பூஸ்டர் வேணும். பூஸ்டர் போட்டு மேலும் பத்து, பதினைஞ்சு நாள் ஆனால்தான் எதிர்ப்பு சக்தி நல்லா ஏறும். சந்தையில் வாங்கின குட்டிக்கு, விற்றவர் என்ன சொன்னாலும், ஊசி போடலைன்னே வெச்சுக்கணும். வந்ததும் சில நாள் ஓய்வு, பிறகு முதல் டோஸ், பிறகு பூஸ்டர், பிறகு காத்திருப்பு. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 35-லிருந்து 40 நாள். அதுவரைக்கும் அடர்தீவனத்தை முழு அளவுக்குக் கொண்டு போகாதீங்க.

இதில் எனக்கு ஒரு விஷயம் பளிச்சுன்னு தெரியுது. "45 நாளில் டபுள்" என்று விளம்பரம் பண்ணுற குறுகிய பேட்ச் இருக்கே, அதில் ஊசியோட பாதுகாப்பு வர்றதுக்குள் பேட்சே முடிஞ்சுடும். தீவனத்தை மெதுவா ஏத்தவும் நேரம் இருக்காது, இன்ஷூரன்ஸில் முதல் 15 நாளும் போயிடும். நாலு மாச பேட்சை விட நாள் கணக்கில் ரிட்டர்ன் கூடுதலா தெரியலாம். ரிஸ்க்கை யார் தலையில் வெச்சு அந்த ரிட்டர்ன் வருதுன்னு பாருங்க. என்கிட்ட கேட்டால், ஊசி போட்ட சான்றோடு வர்ற குட்டிக்கு 300 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கலாம். இல்லைன்னா நாலு மாசத்துக்குக் குறைஞ்சு பேட்ச் போடக் கூடாது.

சொந்தமா இனப்பெருக்கம் பண்ணுற பண்ணைன்னா கணக்கு வேற. குட்டிக்கு மூணு, நாலு மாசத்தில் முதல் ஊசி, பூஸ்டர், பிறகு வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி. சினை ஆட்டுக்குக் குட்டி போடுறதுக்குச் சில வாரம் முன்னாடி போட்டால் சீம்பால் வழியா குட்டிக்கும் பாதுகாப்பு போகும். வெள்ளாட்டில் இந்த ஊசியோட பலன் செம்மறியை விடச் சீக்கிரம் குறையும் என்பதால், அடர்தீவனம் அதிகம் கொடுக்கிற பண்ணைகளுக்கு வருஷத்தில் ஒண்ணுக்கு மேற்பட்ட தடவை போடச் சொல்வாங்க. அதை உங்க டாக்டர் முடிவு பண்ணட்டும். நான் சொல்றது, அந்தத் தேதிகளை ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதி மாதிரி காலண்டரில் போடுங்க என்பதுதான். மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டு வரணும், ஃப்ரீசரில் உறைய வைக்கவும் கூடாது. சட்டைப் பையில் வெச்சு வெயிலில் பைக்கில் வந்த பாட்டில்னா அது வெறும் தண்ணி ஊசிக்குச் சமம். பாட்டில் பெரிசா இருக்கும், திறந்தால் அன்னிக்கே முடிக்கணும். அதனால பக்கத்துப் பட்டிக்காரங்களோடு சேர்ந்து வாங்கினால் செலவும் குறையும்.

ஊசி நூறு சதவீதக் கவசம் கிடையாது. தீவனத்தையும் பார்க்கணும். அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு வாரத்தில் ஏத்துங்க. காலையில் முதலில் கடலைக்கொடியோ சோளத்தட்டோ போட்டு வயிறு கொஞ்சம் நிறைஞ்ச பிறகு தானியம் வைங்க. தொட்டியில் எல்லாக் குட்டிக்கும் ஒரே நேரத்தில் வாய் வைக்க இடம் இருக்கட்டும், இல்லைன்னா நாலு முரட்டுக் கிடா மொத்தத்தையும் காலி பண்ணிடும். இதனால் முதல் மாசம் எடை கொஞ்சம் மெதுவாத்தான் ஏறும். அந்த மெதுவையும் ரிப்போர்ட்டில் காட்டுங்க.

இவ்வளவுக்கும் மேல ஒண்ணு செத்துக் கிடந்தால்? ஊர்ப்பக்கம் நடக்கிறதைச் சொல்றேன். ரெண்டாவது ஆடு தள்ளாடும்போதே "உசுரு போறதுக்குள்ள அறுத்துடு, பாதி விலையாவது வரும்"னு அறுத்துக் கறியா வித்துடுறாங்க. மூவாயிரம் ரூபாய் கையில் நிக்கலாம். என்ன நோய்னே தெரியாத ஆட்டுக்கறியை அடுத்தவங்க வீட்டு அடுப்புக்கு அனுப்பக் கூடாது என்பது ஒரு பக்கம். பணக் கணக்கிலேயும் அது முட்டாள்தனம். க்ளெய்ம் போச்சு, அதைவிட முக்கியமா தகவல் போச்சு. முதல் ஆடு ஏன் செத்ததுன்னு தெரிஞ்சால் அன்னிக்கே தானியத்தை நிறுத்தி, உலர்தீவனத்துக்கு மாத்தி, மீதிக்கு என்ன பண்ணணும்னு டாக்டர் சொல்வார். தெரியலைன்னா அடுத்த பத்தும் வரிசையில் நிக்குது.

துள்ளுமாரியில் செத்த ஆடு சீக்கிரம் அழுகும். மதியம் வரைக்கும் விட்டால் கூழான சிறுநீரகம் நோயால் ஆனதா, அழுகினதான்னு சொல்ல முடியாமல் போயிடும். காலையில் பார்த்த உடனே 1962-க்கோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ போன் போடுங்க, அடுத்த போன் இன்ஷூரன்ஸுக்கு. கம்மல் தெரியுற மாதிரி போட்டோ எடுங்க. ஒரே ஒரு எச்சரிக்கை: வயிறு உப்பி, மூக்கு, வாய், ஆசனவாயிலிருந்து உறையாத கறுப்பு ரத்தம் வந்திருந்தால் தொடவே தொடாதீங்க, அறுக்கவும் விடாதீங்க. அது அடைப்பானா இருக்கலாம், ஆந்த்ராக்ஸ். மனுஷனுக்கும் தொற்றும். டாக்டரே அந்த உடம்பை அறுக்க மாட்டார், ரத்தத் தடவல் எடுத்துத்தான் பார்ப்பார்.

மாடு வெச்சிருக்கிறவங்களுக்கும் ரெண்டு வரி. இதே பாக்டீரியாவோட மற்ற வகைகள் கன்றுகளையும் அடிக்கும். முக்கியமா பிறந்த சில நாள், சில வாரக் கன்றுகள். அதிலும் நல்லாப் பால் குடிக்கிற திடமான கன்றுதான் ரத்தக் கழிச்சலோடு திடீர்னு போகும். அதிகம் கறக்கிற மாடுகளில் சிறுகுடலில் ரத்தம் கசிந்து, கட்டி அடைச்சுச் சாகிற ஒரு நோய் வெளிநாட்டுப் பெரிய பண்ணைகளில் பேசப்படுது. அதிலும் இந்தக் கிருமி மேல சந்தேகம் இருக்கு. நம்ம ஊரில் மாட்டுப் பொங்கலன்னிக்கு அன்பா ஊட்டுற பொங்கலும் சோறும் வேற ஒரு வழியில் ஆபத்து, அது வயிற்றில் அமிலம் ஏறுற பிரச்சினை. நோய் வேற, காரணம் ஒரே குடும்பம்தான்: திடீர்னு கொட்டுற மாவுச்சத்து. 70,000 ரூபாய் மாட்டுக்கு ஒரு நாள் பாசம் காட்டுறதுக்கு ஒரு கைப்பிடி போதும்.

இப்ப என் ஏரியா, வரி. இங்கேயும் ஒரு தப்பான நம்பிக்கையை முதலில் உடைக்கணும். "ஆடு, மாடு விவசாயம்தானே, வரியே இல்லை." இல்லைங்க. வருமான வரிச் சட்டத்தில் விவசாய வருமானம்னா நிலத்திலிருந்து வர்றது. ஆட்டுப்பண்ணையும் பால் பண்ணையும் பிஸினஸ் வருமானம்தான். அதனால லாபத்துக்கு வரி உண்டு, நஷ்டத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

1961-ஆம் வருஷச் சட்டத்தை வெச்சுச் சொல்றேன். விற்க வளர்க்கிற பக்ரீத் கிடா உங்க சரக்கு, அதாவது ஸ்டாக். செத்தால் கடைசி ஸ்டாக்கில் எண்ணிக்கை குறையும், நஷ்டம் தானாகவே கணக்கில் வந்துடும். பால் மாடு, இனப்பெருக்கப் பெட்டை, பொலிகிடா எல்லாம் சரக்கு இல்லை, தொழிலுக்கான சொத்து. ஷெட்டுக்கும் புல் வெட்டுற மெஷினுக்கும் தேய்மானம் போடுற மாதிரி இதுக்குப் போட முடியாது. "ப்ளான்ட்" என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுக்கும் 43(3) பிரிவு, கால்நடைகளை வெளிப்படையாகவே ஒதுக்கி வைக்குது. பல ரிட்டர்ன்களில் மாட்டுக்கு 15% தேய்மானம் போட்டிருப்பதைப் பார்த்திருக்கேன், அது தப்பு. அதுக்குப் பதிலா 36(1) பிரிவின் ஆறாவது உட்பிரிவு இருக்கு. தொழிலுக்குப் பயன்பட்ட விலங்கு செத்தாலோ, நிரந்தரமா உதவாமல் போனாலோ, வாங்கின விலையிலிருந்து உடல் விற்று வந்த தொகை எதுவும் இருந்தால் அதைக் கழிச்சு, மீதியைச் செலவாகக் காட்டலாம். இன்ஷூரன்ஸ் பணம் வந்திருந்தால் அதையும் மறைக்காமல் கணக்கில் கொண்டு வரணும்.

ரெண்டு இடத்தில் கவனம். 44ஏடி முறையில், கணக்கே எழுதாமல் விற்பனையில் 8 சதவீதமோ 6 சதவீதமோ லாபம்னு காட்டுறவங்களுக்கு இந்தக் கழிவு தனியா கிடைக்காது. பாதி ஆடு செத்த வருஷமா இருந்தாலும் அந்த சதவீதத்துக்குள் எல்லாச் செலவும் அடங்கிட்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கும். உண்மையான நஷ்டத்தைக் காட்டணும்னா கணக்குப் புத்தகம் வேணும், சிலருக்கு ஆடிட்டும் வரும். அடுத்து, சம்பளத்தில் இருக்கிற நண்பர்களுக்கு: பண்ணை நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிச்சு டிடிஎஸ் ரீஃபண்ட் வாங்கலாம்னு நினைக்காதீங்க. பிஸினஸ் நஷ்டத்தைச் சம்பளத்தோடு சரிக்கட்ட முடியாது. எட்டு வருஷம் வரைக்கும் முன்னால் எடுத்துட்டுப் போய், வரப்போற பிஸினஸ் லாபத்தில் கழிக்கலாம். அதுவும் கடைசித் தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் மட்டும். ஆடு செத்த துக்கத்தில் ரிட்டர்ன் போடாமல் விட்டவங்க அந்த உரிமையையும் இழக்குறாங்க.

மானியத்தை நம்பி வர்றவங்களுக்கும் இதையே சொல்வேன். தேசியக் கால்நடை இயக்கத்தில் 100 பெட்டை, 5 கிடா யூனிட்டுக்கு 50 சதவீத மூலதன மானியம், அதிகபட்சம் 10 லட்சம். நல்ல திட்டம்தான். ஆனா மீதிப் பாதி உங்க பணமும் பேங்க் கடனும். ஆடு செத்தாலும் கடன் உயிரோடுதான் இருக்கும்.

அதனால ரிப்போர்ட்டோடு என்கிட்ட வர்றவங்களை நான் மூணு விஷயம் மாத்திக்கிட்டு வரச் சொல்றேன். "மருத்துவச் செலவு" என்று மொத்தமா இருக்கிற வரியிலிருந்து தடுப்பூசியைப் பிரிச்சு, தேதியோடு எழுதணும். முதல் மாச எடை ஏற்றத்தைக் குறைச்சுக் காட்டணும். 5% என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி: "கடைசி மாசத்தில் நாலில் ஒரு பங்கு போனால் இஎம்ஐ எங்கிருந்து வரும்?" அந்த வரிக்குப் பதிலா "அப்பாவோட பென்ஷன்" என்று எழுதிக்கிட்டு வந்தவங்களும் இருக்காங்க. அவங்களை நான் ரெண்டாவது மீட்டிங்குக்கு அப்பாவையும் கூட்டிட்டு வரச் சொல்லிடுவேன்.

ஊசி பதிவேட்டுக்கு நோட்டு வாங்கும்போது இதையும் பண்ணுங்க. கம்மல் எண், வாங்கின தேதி, விலை, முதல் டோஸ், பூஸ்டர், பாட்டிலில் இருக்கும் பேட்ச் எண், போட்டவர் கையெழுத்து, செத்தால் தேதியும் காரணமும். எட்டு காலம்தான். இதே பக்கத்தை இன்ஷூரன்ஸ்காரரும் கேட்பார், பேங்க்காரரும் கேட்பார், ஜூலை மாசம் நானும் கேட்பேன். இதைப் பிரின்ட் எடுக்கிற மாதிரி ஒரு ஷீட்டா போட்டிருக்கேன், இந்த வார வீடியோவுக்குக் கீழே இருக்கு.